அடைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

வானம் லேசாக உறுமினால் போதும், தங்கராஜு ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடைத்து வீட்டு மின்சாரத்தையே அணைத்துவிடுவார். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது இடி விழுந்து புது டிவி கருகிப்போனதிலிருந்து வந்த பழக்கம். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வீடு மாறிய பிறகும் அது விட்டபாடில்லை. மகள் ஷர்மினிக்குக் கோலாலம்பூர் ஆபீஸில் வாய்த்த வேலையோ இணையம் இல்லாமல் நகராது.

“வேலை நடக்குற கம்ப்யூட்டர் கேஎல்ல இருக்குப்பா. லினக்ஸ் மெஷின். அதை யாரும் அடைக்கவே மாட்டாங்க. நான் இங்கேருந்து உள்ள போயி கட்டளை கொடுக்குறேன், அவ்வளவுதான். லைன் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். திரும்ப உள்ள போனா விட்ட இடத்துலேருந்து செய்யலாம்.”

“அப்ப நான் மெயினை அடைச்சா ஏன் கத்துற?”

வைஃபை போனால் அவள் எப்படி உள்ளே போவாள்? இந்த மனுஷனிடம் என்னத்தைச் சொல்வது? ஷர்மினி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் சுவிட்சுப் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் கேமரன் கறாராகச் சொல்லியிருந்தார்: சாயங்காலத்துக்குள் கேஎல் மெஷினில் புரோகிராம் சோதனை ஓடி முடிந்தால் வீட்டிலிருந்தே வேலை, இல்லாவிட்டால் கேஎல்லில் அறை பார்க்க வேண்டியதுதான். அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியே விட அவளுக்கு மனமில்லை. அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை, கத்த மட்டும் நன்றாக வந்தது.

மதியம் தாண்டியதும் இடித்தது. அப்பா எழுந்தார்.

“ஐயோ, உட்காருங்கப்பா! என் லேப்டாப்பை நானே அடைக்கிறேன். சோதனை அங்க தானா ஓடும்லா!”

அவசரமாக அணைக்கும் கட்டளையைத் தட்டினாள். லேப்டாப் அணையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. திரையில் இரண்டு கறுப்புக் கட்டங்கள், ஒன்று லேப்டாப்புக்கு, மற்றது கேஎல் மெஷினுக்கு. அவள் தட்டியது கேஎல் கட்டத்தில். காலையிலிருந்து ஓடிய சோதனை அதோடு போயிற்று. மெஷினை எழுப்பினாலும் முதலிலிருந்துதான் ஓட வேண்டும்.

“நான் தொடவே இல்லம்மா!” என்று பதறினார் அப்பா.

ஃபோன் அடித்தது. கேமரன்.

“என் பேரைச் சொல்லிடு. அப்பா மெயினை அடைச்சிட்டாருன்னு சொல்லு.”

“இங்க அடைச்சா அங்க நிக்காதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்!” அழுதுகொண்டே கத்திவிட்டு ஃபோனை எடுத்தாள். “நான்தான் பாஸ்... தெரியாம அடைச்சிட்டேன்.”

பேசி முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, கேஎல்லில் அறை பார்க்க வேண்டியதுதான்.

“இடி இடிச்சா அங்கேருந்து ஃபோன் போட்டுத் திட்டும்மா,” என்றார். “இல்லன்னா நான் அடைச்சிடுவேன்.”