கிணற்றில் இறங்கிய கட்டில்

கணவன் போனபின் இருபது வருஷம் பொன்னாத்தாளே மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைத்து ஒன்றரை ஏக்கரைக் காப்பாற்றினாள். அறுபத்திரண்டு வயதில் நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லாரி ஓட்டும் மகன் சங்ககிரியிலிருந்து வந்து மாட்டை விற்றுவிடுவான்.

1959 பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்கு ஊரே வண்டி கட்டிச் சேந்தமங்கலம் போயிருந்தது. நடக்க மாட்டாத கிழடுகள்தான் மிச்சம். உச்சிப்பொழுதில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து முனகல் கேட்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். தோட்டத்துச் சொந்தக்காரர், எழுபது வயதுச் சின்னண்ணன், மார்பளவுத் தண்ணீரில் பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கிறுகிறுன்னு வந்துச்சு அம்மிணி. படி தவறிப்போச்சு. காலு ஒடஞ்சிருச்சாட்ட இருக்குது. கையும் மரத்துப்போவுது."

கூப்பிட்ட குரலுக்கு வந்தது அப்புசாமி ஒருவர்தான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

"நான் எறங்கறேன். இந்தக் கல்லெல்லாம் நான் பதிச்சது. நீ மாட்டைப் புடிச்சுட்டு வா."

பொன்னாத்தாள் தன் மாடுகளைக் கொண்டுவந்து அந்தக் கிணற்றுக் கவலையில் பூட்டினாள். தண்ணீர் மொள்ளும் பெரிய வாளியான சாலை அவிழ்த்துவிட்டு, அந்த வடத்தில் அங்கே கிடந்த கயிற்றுக் கட்டிலை நாலு காலிலும் கட்டினாள். மாடுகளைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளக் கட்டில் கிணற்றுக்குள் இறங்கியது. அப்புசாமி காலால் துழாவிப் படியிறங்கி, சின்னண்ணனைக் கட்டிலில் புரட்டிப் போட்டு, வேட்டியால் இறுக்கிக் கட்டினார். மறுபடி தடவித் தடவி மேலேறி வந்து கிணற்றோரம் நின்றார்.

"இனி ஓட்டு. மெதுவா."

சால் இழுத்துப் பழகிய மாடுகளுக்கு மெதுவாகப் போகத் தெரியாது. விட்டால் கட்டில் பாறையில் மோதும். அவற்றின் முன்னால் நின்று, இரண்டு நெற்றியிலும் கைவைத்து, பின்னுக்கு நடந்தாள்.

"ஒரைசுது, நிறுத்து" என்றார் அப்புசாமி. கண் தெரியாவிட்டாலும் கட்டில் பாறையில் உரசுவது அவருக்குக் கேட்டது. "ம், இப்ப வா."

மாடுகள் இறங்கும் சரிவில் பாதி வந்தபோது நெஞ்சு அடைத்தது. இடது கை செத்துப்போனது போலானது. உட்கார்ந்தால் மாடுகள் பின்வாங்கும், கட்டில் தண்ணீருக்குள் போகும். செவலை மாட்டின் கொம்பைப் பிடித்து அதன் நெற்றியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஏன் நின்னுட்டே?"

கொம்பை விடாமல் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். கிணற்றுக்குள் சின்னண்ணன் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமோ. அடைப்பு கொஞ்சம் இளகியதும் ஒரு அடி வைத்தாள். பிறகு இன்னொரு அடி. கட்டில் மேலே வந்ததும் அப்புசாமி கட்டிலில் முடிந்திருந்த மெல்லிய வால்கயிற்றை இழுத்து அதைக் கரையில் சாய்த்தார். பொன்னாத்தாள் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயத் திரும்பிய வண்டியிலேயே இருவரையும் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்னண்ணனுக்குக் கால் சேர்ந்தது, ஆனால் குட்டையாகிவிட்டது. அவளிடம் இனி மாட்டின் பின்னால் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மகன் வந்து, தன்னோடு சங்ககிரிக்கு வரச் சொல்லிச் சத்தம் போட்டான்.

"மாட்டை வித்துக்க சாமி. நான் இங்கிருந்து வர மாட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அப்புசாமி தடியூன்றி வந்து இரண்டு வீட்டு வாசலிலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் கேட்டபிறகே போவார். தூக்கம் கெடுவதாகச் சின்னண்ணன் ஏழு வருஷம், சாகும்வரை, அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.