உள்ளங்காலைப் பார்க்க ஓர் ஆள்

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் அதை என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். மாத்திரையை எடுத்துக் கையில் வைப்பாள், விழுங்குவேன். சோற்றைக் குறைத்துக் காயை அள்ளி வைப்பாள், முறைத்துக்கொண்டே தின்பேன். அவள் போன மறுவாரம், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று தெரியாமல் அட்டையை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். கேட்க ஆள் இல்லை. மகள் திருப்பூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்டீங்களாப்பா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்தது.

ரெட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக ஆரம்பித்தேன். மாத்திரை வாங்க வந்தவர்களை எல்லாம் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு நர்ஸம்மா பேசுவார். என் மகள் வயதுதான் இருக்கும். அதட்டலுக்குக் குறைவில்லை.

"சக்கர இருந்தா கால் மரத்துப் போவும். முள்ளு குத்துனாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. செருப்பில்லாம நடக்காதீங்க. தெனமும் உள்ளங்கால பாருங்க. குனிய முடியலன்னா வூட்டுல இருக்கறவங்கள பாக்கச் சொல்லுங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அய்யா, உங்களுக்கு யாரு பாக்குறாங்க?"

பெஞ்சில் இருந்த ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் ஆள் இருந்தது. பெண்டாட்டியோ மருமகளோ, யாரோ ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பையை நானே மடியில் வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வூட்டுக்காரி பாக்குறாம்மா" என்றேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. பொய் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டில் ஒரு நாள் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்க்க முயன்றேன். முட்டி மடங்கவில்லை, தொந்தியும் விடவில்லை. மல்லாக்க விழாதது அதிர்ஷ்டம். புண் வந்தால் வலிக்காமலா போகும் என்று விட்டுவிட்டேன். நர்ஸம்மா சொன்னது இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போயிருந்தது.

பங்குனி வெயிலில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பது என் மனைவியின் வேண்டுதல். சிமெண்டு ஆலையிலிருந்து நான் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும் என்று ஆரம்பித்தாள். நான் ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. நான் வண்டியில் முன்னால் போய்க் கோயில் வாசலில் காத்திருப்பேன். அவள் போன பிறகு வந்த முதல் பங்குனியில் என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. இந்தப் பங்குனியில், அவளுக்குப் பதிலாக நான் நடப்பதென்று முடிவு செய்தேன். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

தார் ரோடு கொதித்தது. முன்னால் போன இளவட்டங்கள் சூடு தாங்காமல் ஓரத்துப் புல்லுக்கு ஓடினார்கள், கிடைத்த நிழலில் எல்லாம் நின்றார்கள். நான் நடு ரோட்டில் ராஜா மாதிரி நடந்தேன். எனக்குச் சுடவே இல்லை. "என்னப்பா, கோழி மாதிரி குதிக்கிறீங்க?" என்று கேலிகூடச் செய்தேன். பெருமாள்தான் தாங்குகிறார், அவளும் கூட வருகிறாள் என்று எண்ணிக்கொண்டு கண் கலங்கிவிட்டேன். சன்னதியில் நின்று அதற்கு நன்றி வேறு சொன்னேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்.

நாலாம் நாள் வீட்டுத் தரையில் ஈரப் பொட்டுகள் தெரிந்தன. அடுத்த வீட்டுக் கோழிதான் அசிங்கம் செய்கிறது என்று வேலிக்கு இப்பால் நின்று திட்டினேன். துடைத்துவிட்டுத் திரும்பினால் துடைத்த இடத்திலேயே புதுப் பொட்டு. கட்டிலிலிருந்து அடுப்படி வரை, அடுப்படியிலிருந்து வாசல் வரை, நான் நடந்த இடமெல்லாம் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். உள்ளங்கால் வெந்து, தோல் உரிந்து, சீழ் வைத்திருந்தது. எலும்புக்குப் போய்விட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். தினமும் கட்டு மாற்றவும் ஊசி போடவும் வரச் சொன்னார்.

"நாலு நாளா அந்தம்மா என்ன பண்ணாங்க? கண்ணு தெரியாதா அவங்களுக்கு?" நர்ஸம்மாவுக்கு அப்படி ஒரு கோபம். "நாளைக்கு கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்."

"அவளுக்கு ஒடம்பு முடியலம்மா" என்றேன்.

அன்றிலிருந்து கட்டு மாற்றும்போதெல்லாம் என் மனைவிக்குத் திட்டும் சேதியும் வந்தன. "சோத்த கொறைச்சு கீரய வைக்கச் சொல்லுங்க." "சுடுதண்ணில கால வைக்க விடக்கூடாதுன்னு சொல்லுங்க." "செருப்ப ஒதறிப் பாத்துதான் குடுக்கணும், கல்லு கிடக்கும்." மறுநாள் "சொன்னீங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். "நீங்க ரொம்ப அதட்டுறீங்களாம்" என்பேன். அவர் சிரிப்பார். வீட்டுக்கு வந்து, சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். கீரை ஆய்ந்தேன். செருப்பை உதறினேன். அவளிடம் சொல்லாமல் ஒரு நாளும் தூங்கவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பேச ஒரு விஷயம் இருந்தது. செய்வது தப்பு என்று தெரியும். நிறுத்த மனசு வரவில்லை.

ஆடி பிறந்தபோது புண் ஆறிவிட்டது. கால் தப்பியது. நர்ஸம்மா கட்டை அவிழ்த்துவிட்டு, சந்தோஷமாகச் சொன்னார்:

"இனிமே நீங்க தெனம் வர வேணாம்ங்கய்யா. அந்தம்மா தெனமும் கால பாத்தா போதும். இந்த தடவ விட்டா காலே போயிரும்னு கண்டிப்பா சொல்லிடுங்க."

சரி என்று எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. பெஞ்சில் பதினைந்து பேர் இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார்.

"பாக்க ஆள் இல்லம்மா" என்றேன். "அவ செத்து ரெண்டு வருஷம் ஆவப்போவுது."

நர்ஸம்மா கையில் பழைய கட்டுத் துணி அப்படியே இருந்தது.

"அப்ப இத்தன நாளா நான் யாரைத் திட்டிட்டு இருந்தேன்?"

"அவளைத்தாம்மா. நீங்க திட்டுன வரைக்கும் அவ வூட்டுல இருந்தா."