ஏலகிரிக்குப் போக வேண்டிய கருவி

"அளவீட்டுக்கு முன், கருவியைச் சுத்தமான காற்றில் இயக்கித் தயார் செய்ய வேண்டும்." காற்றில் கலந்த ரசாயன ஆவிகளைக் கண்டுபிடிக்கும் கைக்கருவிக்கு இதுதான் முதல் விதி. ஆம்பூரில் உட்கார்ந்து படித்தபோது, இதை எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று புரிந்தது.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேராகப் பக்கத்துத் தோல் ஷெட்டின் புகைக்குழாய் நீண்டிருந்தது. தோலுக்கு மெருகு அடிக்கும்போதெல்லாம் தின்னர் வாடை உள்ளே வரும். மனைவி மூச்சு முட்ட இருமுவாள். குழாயைத் திருப்பச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு போட்டேன். அளந்து பார்த்து, ஆவி இருந்தால் உத்தரவு போடுவோம் என்றார்கள்.

ஓர் இளம் பொறியாளர் கருவியோடு வந்தார். அது காற்றை உறிஞ்சி, மின்னூட்டம் ஏற்றி, சிறு குழலுக்குள் ஓடவிடுமாம். இலேசானது முந்தும், பருத்தது பிந்தும். வந்து சேரும் நேரத்தை வைத்து இன்ன ஆவி என்று சொல்லிவிடும்.

"க்ளியர் ஆன்ட்டி. ஒண்ணுமே இல்ல."

மனைவி இருமி முடித்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா தம்பி, உங்க மிஷினுக்கு ஜலதோஷமா?"

எனக்குச் சந்தேகம். "எங்க தம்பி ஆன் பண்ணீங்க?"

"ஷெட்டு ஆபீஸ்லதான் சார். ஓனர் டீ குடிச்சிட்டுப் போங்கன்னாரு. அதுக்குள்ள ரெடி ஆயிடட்டுமேன்னு ஆன் பண்ணி மேசை மேல வெச்சேன்."

எங்கள் ஊரில் டீ குடிக்காமல் எந்த ஆய்வும் தொடங்குவதில்லை. தின்னர் வாடை நிறைந்த அந்த அறைக் காற்றையே கருவி சுத்தம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனோடு ஒப்பிட்டால் எங்கள் சமையலறை ஏலகிரி மலைதான்.

"அப்போ மறுபடி அளங்க."

"ரிப்போர்ட் ஏத்திட்டேன் சார். அப்பீல் போட்டுடுங்க."

"நீங்க அப்பீல் போடுங்க. குழா திரும்புனப்புறம் நான் வர்றேன்" என்று மனைவி அணைக்கட்டு என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே இருமல் நின்றது.

மேல்முறையீட்டில் முதல் விதியை எடுத்துக்காட்டி, சுத்தமான காற்றுக்கு மைத்துனியின் வயலோர வீட்டையே பரிந்துரைத்தேன். என் மனைவி அங்கே இருமாததே சான்று என்றும் எழுதினேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இருமாததற்கு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா? வாங்கி அனுப்பினேன். பிறகு மாதக்கணக்கில் சத்தமில்லை. தனியாகச் சமைத்துத் தனியாக இருமினேன்.

கடைசியில் பதில் வந்தது. அணைக்கட்டு வேலூர் மாவட்டம், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். அடுத்த மாவட்டத்துக் காற்றை ஏற்க விதியில் இடமில்லை. எனவே கருவியை ஏலகிரியில் தயார் செய்து, சமையலறையில் மறு அளவீடு செய்யப்படும். பாதிக்கப்பட்டவர் உடனிருக்க வேண்டும்.

போனில் படித்துக் காட்டினேன்.

"மிஷினுக்கு மட்டும் ஏலகிரியா? என்னையும் அதே வண்டியில ஏத்திக்கச் சொல்லுங்க. கீழ இறங்குனதும் யாரு மொதல்ல இருமுறோம்னு பார்த்துடலாம்" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன அந்த நாள், சாம்பல் புதன். ஊரில் கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் அன்றுதான் தொடங்கியது; எனக்கோ முடியப்போகிறது.