பட்டினப்பாக்கத்து ஐஸ் மிஷினுக்குப் போட்ட மாலை

1935 சித்திரையில் ஒரு விடியற்காலை. பட்டினப்பாக்கத்து ஐஸ் மிஷினில் அழுத்தம் ஏறி, பயந்து நிறுத்திவிட்டார்கள் என்று சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு ஆள் வந்தது. கடற்கரைப் பக்கம் ரிப்பேர் என்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

ஆறேகாலுக்கு டிராம், மயிலாப்பூருக்கு ஒன்றரை அணா. அங்கிருந்து ஒரு மைல் ஜட்கா, இரண்டணா. "ஐஸ் மிஷினா நைனா? கண்ண மூடிக்கினு போவேன், மூக்கே வழி சொல்லும்" என்றார் வண்டிக்காரர். அமோனியா நெடி அப்படி. ஏழு மணிக்கு இறங்கினேன்.

வாசலிலேயே மீன்காரி ஆரோக்கியம் மறித்துக்கொண்டாள். "எட்டு கூடை வஞ்சிரம் கீது நைனா. மத்தியானத்துக்குள்ள ஐஸ் வரலேன்னா அத்தினியும் கருவாடுதான்." குரல் அதட்டல், கண் கலங்கியிருந்தது.

மிஷின்காரர்களிடம் ஓட்டச் சொன்னேன். நூற்று எண்பதில் நிற்க வேண்டிய அழுத்தமானி முள் இருநூற்று நாற்பதுக்குப் போயிற்று. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும் என்று பெரிய மேதாவியாக அதை வெளியே விட வால்வைத் திறக்கப் போனேன். நல்லவேளை, அதற்குமுன் வெளியே போய் வாயு குளிரும் குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். பாதிக் குழாய்கள் காய்ந்து, கை வைக்க முடியாத சூடு. மேலேயுள்ள தொட்டியின் துளைகளிலிருந்து அவற்றின்மேல் தண்ணீர் சொட்ட வேண்டும். ஏணி வைத்து ஏறினேன். துளைகள் நிறைய ஊறிய சாமந்தி இதழ்கள்!

"தெனம் மாதாவுக்குப் போட்டுட்டு, மிஷினுக்கும் ஒரு மாலை, அந்தத் தொட்டி மேல வீசுவேன்" என்றாள் ஆரோக்கியம். சொன்னவுடன் அவளுக்கே புரிந்துவிட்டது. "ஐயோ, என் மீன நானே கெடுத்தேனா?"

நான் இறங்கி, துளை குத்த ஓர் ஈர்க்குச்சி எடுத்தேன். அதைப் பிடுங்கி, புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். "நான் அடைச்சது, நானே தொறக்கறேன்." ஒவ்வொரு துளையாகக் குத்தினாள். தண்ணீர் சீராக விழுந்தது. அரைமணியில் முள் நூற்றெழுபத்தைந்துக்கு இறங்கியது. அச்சில் அரைகுறையாக உறைந்திருந்த பாளங்கள் பன்னிரண்டரைக்குள் வெளியே வந்தன. வஞ்சிரம் பிழைத்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு: வெயிலுக்குமுன் போங்கள். முள்ளைப் பார்த்ததும் வால்வில் கை வைக்காதீர்கள்; முதலில் தண்ணீர் எங்கே விழவில்லை என்று பாருங்கள். மிஷினிடம் பிரியமுள்ளவர் யார் என்றும் விசாரியுங்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஆரோக்கியம் ஏணிமேல் இருந்தாள், கையில் ஈர்க்குச்சி. மாதா கோவிலுக்குமுன் இங்கேதான் வருகிறாளாம்.

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"இன்னாத்துக்கு? பூ லேட்டானா அவங்க நின்னுடுவாங்களா, இந்த மிஷினு மாதிரி?"