மூஞ்சி தெரியுற போன்

பாயைப் போலச் சுருட்டி வைக்கிற டிவி ஏதோ ஒரு நாட்டில் வந்துவிட்டதாம். போன வாரம் என் மகன் தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு பேரும் என்னிடம் வந்து, "நமக்கு எப்பப்பா வரும்?" என்று கேட்டார்கள். இதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன். யாரிடம், எந்த நேரத்தில் கேட்டேன் என்பதை இதுவரை அவர்களிடம் சொன்னதில்லை. நாங்கள் இப்போது மதுரைப் பழங்காநத்தத்தில் இருக்கிறோம், ஆளுக்கொரு போன் இருக்கிறது. அது இல்லாத காலத்தில் நடந்தது இது.

அப்போது எங்கள் ஊரான எழுமலையில் தெருவுக்கே உரக்கடையில் இருந்த ஒரு போன்தான். வெளியூரில் இருப்பவர்கள் அதற்குப் போன் போட்டு, "இன்னாரைக் கூப்பிட்டு வையுங்க, பத்து நிமிசத்துல திரும்பப் போடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். கடைக்கார அண்ணன் யாரையாவது விரட்டுவார். சம்பந்தப்பட்டவர்கள் ஓடிவந்து யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயில் இருந்தார். பல நாடுகளிலிருந்து கப்பலில் வரும் டிவிப் பெட்டிகளையும் போன் பெட்டிகளையும் இறக்கி அடுக்கும் வேலை. மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பேசுவார். அப்பாவும் அம்மாவும் பேசி முடித்தபின் கடைசி ஒரு நிமிடம் எனக்கு. எந்த நாட்டில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று கேட்பேன்.

"மருமகனே, கொரியாவுலருந்து ஒரு டிவி வந்துருக்கு. காலண்டர் மாதிரி ஆணியில மாட்டிப்புடலாம்டா."

மறுநாள் ஆறாம் வகுப்பில் அதை நான் செய்தி வாசிப்பது போலச் சொல்வேன். படிப்பிலும் கடைசி, ஓட்டத்திலும் கடைசியாக இருந்த எனக்கு அது ஒன்றுதான் மரியாதை. பேசுகிறவர் முகம் தெரியும் போன் ஜப்பானில் வந்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னபோது அதுவும் போயிற்று. பக்கத்தில் உட்காருகிறவன் எழுந்து நின்றான்.

"போனுல மூஞ்சி தெரியுமாம்ல! அப்ப நீ மூக்கச் சிந்துனா உங்க மாமா அங்கிட்டுத் தொடைக்கணுமாடா? ரெண்டு பேரும் நல்லாப் புளுகுறீங்கடா."

வகுப்பே சிரித்தது. என்னைச் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். மாமாவையும் சேர்த்துச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அன்றைக்கே, புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைக்கார அண்ணன் கூப்பிட்டார்.

"டேய், இப்பத்தான் உங்க மாமா போட்டாரு. திரும்பப் போடுவாரு. வெரசா ஓடி அப்பாவக் கூட்டியா."

அப்பா கிணற்றுப் பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஓடினால் வந்துவிடலாம். ஆனால் அப்பா வந்தால் முழுப் பேச்சும் அவருக்குத்தான். எனக்கு அந்தக் கடைசி ஒரு நிமிடத்துக்கு மேல் மிஞ்சாது.

"அப்பா உசிலம்பட்டிக்குப் போயிருக்காருண்ணே. நானே பேசுறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மட்டுமே பேசுகிறவர் புதன்கிழமை ஏன் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன் அடித்தது. "மச்சான் எங்கடா?" என்றார் மாமா முதல் பேச்சாக. ஊரில் இல்லை என்றேன். அம்மா களையெடுக்கப் போயிருப்பது உண்மை. அதையும் சொன்னேன்.

"சரி, நீ நல்லாக் கேட்டுக்க. மாமாவுக்கு நெஞ்சு சரியில்ல. ஊருக்கு வரணும். இங்க விட மாட்டேங்கிறாங்க. அப்பாவ நாளைக்கே மதுரைக்குப் போயி என்னைய இங்க அனுப்புன ஏஜென்டப் பாத்துப் பேசச் சொல்லு. சொல்லுவியா?"

"சொல்றேன் மாமா" என்றேன். அடுத்த மூச்சில், "மாமா, அந்த மூஞ்சி தெரியுற போன் நெசந்தானா?" என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். உள்ளங்கை அகலம்தானாம். மடக்கி வைக்கலாமாம். மேலே பொட்டு மாதிரி ஒரு கண்ணாடி இருக்குமாம், அதுதான் நம்மைப் பார்க்குமாம். நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார். லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

"நமக்கு எப்ப மாமா வரும்?"

"வரும்டா. அம்புட்டு நாட்டுக்கும் வந்துட்டு நமக்கு மட்டும் வராமலா…"

அதோடு அவர் வாங்கியிருந்த போன் கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் பொட்டுக் கண்ணாடிவரை விவரமாகச் சொன்னேன். பக்கத்தில் உட்காருகிறவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் வீட்டில் சேதியைச் சொல்லவில்லை. சொன்னால், ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று அப்பா கேட்பார். அவர் கை பெரிய கை. எப்படியும் வெள்ளிக்கிழமை மாமாவே சொல்லிவிடுவார் என்று இருந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தோம். போன் அடிக்கவே இல்லை. கடைக்கார அண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

"போன வாரம் புதன்கிழமை பேசுனாரே. நீங்க உசிலம்பட்டி போயிருந்தீங்களாமே?"

அப்பா என்னைப் பார்த்தார். அறை விழுந்தது. "எதுக்குடா பொய் சொன்ன? என்ன சொன்னான் மாமா?"

இன்னொரு அறை விழுமோ என்ற பயத்தில், "புதுப் போனப் பத்திச் சொன்னாருப்பா" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். "அவனுக்கு வேற வேலையே இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கும் முகம் தெளிந்தது. நிம்மதியாக வீட்டுக்கு நடந்தோம்.

திங்கட்கிழமை மறுபடி போன் வந்தது. இந்த முறை கடைக்கார அண்ணன் யாரையும் விரட்டவில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டி தூக்கும்போது விழுந்தவர் எழவில்லையாம்.

வெள்ளிக்கிழமையாவது சொல்லியிருந்தால் நேரம் இருந்திருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

உடல் வந்து சேர நாளாயிற்று. கூட வந்த சூட்கேஸில் நாலு சட்டை, ஒரு போர்வை, அதற்கடியில் ஒரு கட்டு அட்டை. போன், டிவி படங்கள். பெட்டிகளிலிருந்து வெட்டியவை. புரியாத எழுத்துகள். "இத எதுக்கு இம்புட்டுச் சேத்து வச்சிருக்கான்?" என்று அப்பா புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கூட வந்த சிநேகிதர், "பெட்டி மேல இருக்குற படந்தான்ணே பாப்பாரு. ஒண்ணக்கூட ஓட விட்டுப் பாத்ததில்ல" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அப்படி மூச்சு வாங்கிய மனிதர், இருந்த கார்டு முழுவதையும் ஏன் எனக்கு அந்தப் போனைப் பற்றிச் சொல்லித் தீர்த்தார்? அன்றைக்கு நான் நினைத்தது, அதைச் சொல்லத்தான் போன் போட்டார் என்று. சேதியைச் சொல்லியாயிற்று, பிள்ளை அப்பாவிடம் சொல்லிவிடுவான் என்று அவர் என்னை நம்பியிருந்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

மூஞ்சி தெரியுற போன் எழுமலைக்கும் வந்துவிட்டது. அப்பா தினமும் சாயங்காலம் அதில்தான் கூப்பிடுவார். எத்தனை முறை சொன்னாலும் காதில்தான் வைத்துக்கொள்வார். திரை முழுக்க அவர் காது மட்டும் தெரியும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"சொல்லுடா, கேக்குது" என்பார் அப்பா. மாமா சொல்லச் சொன்ன சேதியை இன்றுவரை அவரிடம் சொல்லாத நான், அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.