சிவப்புத் துணி கட்டிய கலன்

மூதூரில் எங்கள் வாப்பா எஞ்சின் தோணி வைத்து மீன்பிடித்தார். அந்த எஞ்சினைப் பெற்றோலில் முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதனால் சமையல் நடக்கும் குசினிக்கு வெளியே ஒரே மாதிரியான இரண்டு கலன்கள் எப்போதும் இருக்கும். பெற்றோல் கலனின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஏழு வயதில் என் பொம்மைக்கு முக்காடு தேவைப்பட்டது, துணியை அவிழ்த்துக்கொண்டேன். பொம்மை பெருநாளுக்குத் தயாரானது.

அன்று மத்தியானம் அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்ற உம்மா ஒரு கலனைச் சரித்தார். உள்ளே படித்துக்கொண்டிருந்த ராத்தா, என் மூத்த சகோதரி, மணம் பிடித்து ஓடிவந்தார்.

"ஊத்தாதீங்க உம்மா. இது பெற்றோல்."

"துணியைக் காணல்லையே மகள்."

ராத்தா கலனை வாங்கி முற்றத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு கலன்களிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்துச் சீமெந்துக் கல்லில் விட்டார். ஒரு துளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. மற்றது எண்ணெய்க் கறையாகக் கிடந்தது.

"ரெண்டும் ஐதரோகாபன்தான் உம்மா. காபனும் ஐதரசனும் சேர்ந்தது. பெற்றோல்ல சின்ன மூலக்கூறு, உடனே ஆவியாகிரும். அந்த ஆவியிலதான் நெருப்புப் பத்தும்."

"ஒரே சாமான் எண்டா, ஒண்டு சோறாக்குது, மத்தது ஆளைக் கொல்லுதா?"

"ஓம் உம்மா. எஞ்சின் ஓடுறது, லாம்பு எரியிறது, ரோட்டுத் தார் எல்லாம் அந்தக் குடும்பந்தான். சிலதுல மூலக்கூறு கட்டை, சிலதுல நீளம்."

உம்மா படியில் இருந்துவிட்டார். துணியை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். ஒருவரும் அடிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடலிலிருந்து வந்த வாப்பா எல்லாவற்றையும் கேட்டார். பின்னேரம் மாமா வந்தார். ராத்தாவைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திக் கலியாணம் செய்துகொடுப்பதென்று பெரியவர்கள் முன்னமே பேசி வைத்திருந்தார்களாம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல நாள் கேட்கவே மாமா வந்திருந்தார்.

"இப்ப ஏலாது மச்சான். அவ சோதனை எழுதட்டும். அதுக்கு மேலயும் படிக்கட்டும்," என்றார் வாப்பா.

கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது.

"அழாதீங்க ராத்தா. அடுத்த வருசம் கட்டித் தருவாங்க," என்றேன்.

அழுகையின் நடுவே அவர் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தார். கலியாணம் நின்றுபோன பெண் எதற்காகச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.