கிரேடர்காரன் வாங்கிய கூடார டிரெய்லர்

லிண்டன் பெங்கிலிக்கு நான் ஒரு காலத்தில் ஆயிரத்து இருநூறு டாலர் கடன்பட்டிருந்தேன். என் வெல்டிங் மெஷின் புகைந்து செத்த வருஷம் அது. வங்கிக்குப் போனால் எட்டுப் பக்கப் பாரத்தை நீட்டினார்கள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை வாசித்து முடிப்பதற்குள் பட்டறையே துருப்பிடித்துவிடும். வாசலில் நின்று ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். தன் வண்டிக்குக் கொக்கி பற்றவைக்க வந்த லிண்டன், அப்போது முப்பதைக்கூடத் தொடாதவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். மாலையில் ஒரு காப்பித்தூள் டப்பாவோடு திரும்பி வந்தான். உள்ளே பணம். பதினோரு மாதத்தில் கடைசி டாலர் வரைக்கும் கொடுத்துத் தீர்த்தேன். "ஓ, அதுவா?" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எங்கள் ஊரான போர்ட் அகஸ்டாவில் பெரிய மனிதர்களைப் பற்றி எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள். லிண்டனைப் பற்றி எழுத நான் ஒருவன்தான். எழுதினால் ஒழுங்காகத்தான் எழுதுவேன். நான் கையில் எடுத்து ஒழுங்காக வராத வேலை இதுவரை கிடையாது. வாடகைத் தகரக் கொட்டகையில் தொடங்கியவன் நான். இன்றைக்கு வடக்கே போகும் மண் ரோடுகளில் ஓடுகிற டிரெய்லர்களில் பாதிக்கு அடிச்சட்டம் போட்டவை இந்தக் கைகள். மீதிப் பாதியைப் பழுது பார்த்தவையும் இதே கைகள்தான்.

லிண்டனுக்குத் தொழில் ரோடு சீவுவது. கிரேடர் ஓட்டுகிறான். மாரீ, வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா என்று நீளும் மண் ரோட்டில் லாரிகள் போகப் போக, துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாக எழும்பிவிடும். அதன் மேல் ஓட்டினால் பல்லும் ஆடும், போல்ட்டும் கழலும். லிண்டன் தன் கிரேடரின் நீள இரும்புத் தகட்டை இறக்கி அந்த வரிகளைச் சமப்படுத்திக்கொண்டே போவான். பத்து நாள் அங்கே, நாலு நாள் வீட்டில். இருபத்திரண்டு வருஷம் இப்படியே. வீட்டில் இருக்கும் நாலு நாளிலும் பேச்சு கிடையாது. அவன் மனைவி ரேலீன் என்னிடமே சொல்லியிருக்கிறாள்: "எங்க வீட்ல ஃபிரிட்ஜ் அவரைவிட ஜாஸ்தி பேசும்."

போன வருஷம் அவனுக்குப் பதின்மூன்று வாரம் சம்பளத்தோடு நீண்ட விடுப்பு சேர்ந்திருந்தது. மூத்த பெண் தானிக்குப் பதினெட்டு வயது. ரொட்டிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் நர்ஸ் படிப்புக்கு அடிலெய்டு போய்விடுவாள். போனால் போனதுதான், அப்புறம் அவள் வாழ்க்கை அவளுக்கு. வீட்டில் இருக்கும் ஐந்து பேரும் சேர்ந்து இதுவரை ஒரு பயணம் போனதில்லை. போக வேண்டுமென்றால் இந்த ஒரு குளிர்காலம்தான் மிச்சம். அதற்கு ஒரு கூடார டிரெய்லர் வேண்டும். காரின் பின்னால் மாட்டி எந்தக் காட்டுக்கும் இழுத்துப் போய், மூடியைத் திறந்து விரித்தால் படுக்கை, கூடாரம், அடுப்பு எல்லாம் தயாராக இருக்கிற வண்டி. கையில் ரொக்கமாகப் பன்னிரண்டாயிரம் இருந்தது. ரேலீன் பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் சாண்ட்விச் வெட்டி வெட்டிச் சேர்த்தது. அது அவள் கைப்பையில்தான் இருக்கும். தவறான வண்டியில் அதைப் போட்டால் பயணமும் இல்லை, பணமும் இல்லை.

"கிளெம், ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க?" என்று லிண்டன் போனில் கேட்டான். அவனுக்கு அது ஒரு சொற்பொழிவு. என்னை விட்டால் இந்த விஷயத்தில் யாரைக் கேட்பான்?

தானியின் சின்னத் தம்பிகள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் நாலு பேர் அடிலெய்டுக்குப் போனோம். பெரிய விற்பனைக் கடை. சிமென்ட் தரை, வரிசையாகக் கொடிகள். விற்கிற இளைஞனும் அவனுடைய கூட்டாளியும் சேர்ந்து எட்டே நிமிஷத்தில் ஒரு புது டிரெய்லரை விரித்துக் காட்டினார்கள். உள்ளே எல்லாம் பால் வெள்ளை. ரேலீன் மெத்தையைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல இதுவரைக்கும் யாரும் படுத்ததில்லையா?"

"யாருமே இல்லம்மா. பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கல."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வியாபாரம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் விடுவேனா?

"தம்பி, கித்தானை எத்தனை தடவை நனைச்சுக் காயப்போட்டீங்க?"

"நனைக்கிறதா? எதுக்கு ஐயா?"

"புதுக் கித்தானை மூணு தடவை நல்லா நனைச்சுக் காயவிடணும். அப்பத்தான் நூல் உப்பித் தையல் ஓட்டை எல்லாம் அடையும். இல்லேன்னா முதல் மழையில பிள்ளைங்க மூக்குல சொட்டும். அது தெரியாமலா விக்கிறீங்க?"

அவன் சிரித்து மழுப்பினான். நான் அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டைகள் என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

"இது எந்த ரோட்டுக்கு?"

"எல்லா ரோட்டுக்கும் ஐயா. பாருங்க, பக்கவாட்டுல ஸ்டிக்கரே ஒட்டியிருக்கோம்."

"ஸ்டிக்கர் ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்றேன்.

விலை இருபத்துமூவாயிரம். லிண்டன் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "விடுப்புல ஏழு வாரத்தைக் காசா மாத்திக்கலாம்" என்றான். பதின்மூன்றில் ஏழு போனால் ஆறு. அதில் பாதி நாள் இந்த ஸ்பிரிங்கைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்புவதற்கே சரியாக இருக்கும் என்று நான் சொன்னேன். ரேலீன் என்னைப் பார்த்த பார்வைக்கு வெல்டிங் கண்ணாடி போட்டிருந்தால் தேவலை.

திரும்பும்போது காரில் அவள் பொரிந்து தள்ளினாள்.

"என் கல்யாணக் கட்டில் செகண்ட் ஹேண்ட். சோபா செகண்ட் ஹேண்ட். இந்தக் காரை நமக்கு முன்னாடி ரெண்டு பேர் ஓட்டியிருக்காங்க. இந்த மனுஷனைத் தவிர என் வீட்ல எல்லாமே யாரோ வச்சிருந்து விட்டது. ஒண்ணே ஒண்ணு புதுசா வேணும்னு கேட்டா அது தப்பா பெரியவரே?"

பின் சீட்டிலிருந்து தானி சொன்னாள்: "அப்பாவும் செகண்ட் ஹேண்ட்தான்மா. அவருக்கு முன்னாடியே ரோட்டோட கல்யாணம் ஆயிடுச்சு."

லிண்டன் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். அவன் காது மட்டும் சிவந்தது.

ரொட்டிக் கடை அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைச் சொன்னதும் தானிதான். குவார்ன் ஊரில் ஒரு கூடார டிரெய்லர், பதினைந்து வருஷப் பழசு, பன்னிரண்டாயிரம். "பாக்கிறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க" என்று நான் ரேலீனைத் தாஜா பண்ணினேன். மறுநாள் காலை போனோம்.

விற்கிறவள் ஏவிஸ் க்ளைனிக். எழுபத்தொன்பது வயது. புருஷன் ஆர்னோ இறந்து ஏழு மாதம். கொல்லையில் டிரெய்லரை நிறுத்தி, பக்கத்தில் நாற்காலி போட்டு, தேநீர்க் கெண்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும் எனக்காக விரிச்சுக் காட்ட மாட்டாங்க கண்ணுங்களா. வாங்கறவங்கதான் விரிக்கணும். நான் உக்காந்து வழி சொல்றேன்."

ரேலீனும் தானியும் வேலையில் இறங்கினார்கள். ஏவிஸ் நாற்காலியிலிருந்தே அதட்டினாள். "அந்தக் கம்பி இல்ல, நீளக் கம்பி! இழுக்காத, தூக்கு! ஆ, அப்படித்தான் என் ராசாத்தி." பதினான்கு நிமிஷம். முந்தின நாள் இரண்டு ஆண்கள் எட்டு நிமிஷத்தில் செய்ததை இரண்டு பெண்கள் முதல்முறையிலேயே, அடிக்கிற காற்றுக்கு நடுவில், பதினான்கில் செய்தார்கள். ரேலீனுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நிமிர்ந்து நின்றாள். கித்தான் வெளுத்திருந்தது, ஒட்டுப் போட்டிருந்தது. அவள் ஒட்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

நான் அடியில் போனேன். இழுவைக் கம்பியில் பளபளவென்று புதுக் கறுப்புப் பெயின்ட். விற்கும்போது அடியில் புதுப் பெயின்ட் என்றால் விரிசலை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். நாற்பது வருஷத்தில் இதில் நான் ஏமாந்ததில்லை.

"இது எதுக்கு அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு டிரிப் முடிஞ்சதும் ஆர்னோ அடிப்பாரு. கடைசி டிரிப்புக்கு அப்புறம் அவர் படுத்துட்டாரு. அதான் போன வாரம் நான் அடிச்சேன். சந்தேகம்னா சுரண்டிப் பாரும்."

சுரண்டினேன். கம்பித் தூரிகையால் மூன்று இடத்தில். உள்ளே சுத்தமான இரும்பு, ஒரு மயிரிழைக் கீறல் இல்லை. புதுப் பெயின்ட்டை நம்பக் கூடாது என்பது இன்றைக்கும் என் சட்டம்தான். அதற்கு ஏவிஸ் க்ளைனிக் ஒருத்தி மட்டும் விலக்கு.

டயர்கள் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தன. அதைச் சொன்னேன். "இருநூறு குறைச்சுக்கோங்க" என்றாள். "ஆனா சீக்கிரம் சொல்லுங்க. அடிலெய்டுக்காரர் ஒருத்தர் ஐநூறு கூடவே தர்றேங்கிறாரு. மத்தியானம் போன் பண்ணுவாரு."

ரேலீன் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். லிண்டன் சமையல் இழுப்பறையைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவன், அதற்குள்ளிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தான்.

"ஆர்னோவோட ரோட்டு நோட்டு" என்றாள் ஏவிஸ். "எந்தத் தேதி எங்க போனோம், ரோடு எப்படின்னு எழுதி வைப்பாரு. பாதிப் பக்கம் கிரேடர்காரனுக்கு வசவுதான்."

தானி களுக்கென்று சிரித்தாள். "அந்தக் கிரேடர்காரர் இவர்தான்."

ஏவிஸ் தேநீரைக் கீழே வைத்தாள். "நீயா? வடக்கு ரோடு சீவறது நீயா? உன்னைப் பாக்கணும்னு எத்தனை வருஷமா காத்திருக்கேன் தெரியுமா? வில்லியம் க்ரீக்குக்கு முன்னாடி ரோடு முழுக்கக் கண்ணாடி மாதிரி சீவிட்டு, ஒரே ஒரு இடத்தை மட்டும் மேடா விட்டு வச்சிருந்தியே, எந்தப் புத்தியில விட்ட? ஆர்னோ ஜாலியா வேகமாப் போனாரு. டமால்! பல்செட்டு வெளிய தெறிச்சு, ஜன்னல் வழியா ரோட்டுல விழுந்து, ஒரு மணி நேரம் மண்ணுல தேடினோம்!"

லிண்டன் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தான். ஆர்னோவின் கையெழுத்தில் இருந்ததைத் தானி உரக்கப் படித்தாள்: "செப்டம்பர் ஒன்பது. எல்லாம் சீவிவிட்டு முப்பது அடியை மட்டும் மறந்திருக்கிறான் மடையன்."

"மறக்கல" என்றான் லிண்டன். "ஆட்காட்டிக் குருவி ரோட்டோரத்துல முட்டை போட்டிருந்துச்சு. நாலு முட்டை. தகடு இறக்கினா போயிடும். நாலு வாரம் அந்த இடத்தை விட்டுட்டுச் சீவினேன். ஒவ்வொரு தடவையும் தாய்ப் பறவை கிரேடரையே அடிக்க வரும்."

தானிதான் கேட்டாள்: "பொரிச்சுதாப்பா?"

"மூணு."

அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். பிறகு நிறுத்தவே இல்லை. "இது மழை அடிச்சுக்கிட்டுப் போன வருஷம். இந்த ஓடையில நான் ஆறு நாள் மாட்டிக்கிட்டேன், டப்பா பீன்ஸ் மட்டும்தான் இருந்துச்சு. அந்த வாரம் இவங்க இந்த வண்டியோட அந்தப் பக்கம் வந்திருக்காங்க கிளெம், அதே ஸ்பிரிங்கோட. இங்க பாரு தானி, இந்த மேட்டுல சாயங்காலம் நின்னா உப்பு ஏரி பூராவும் ரோஜா நிறமாத் தெரியும். உங்கம்மாவைக் கூட்டிட்டு வரணும்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். இங்க வெந்நீர் ஊத்து இருக்கு, சின்னவனுங்க குதிக்கலாம்..." இத்தனை வருஷம் அவன் எங்கே இருந்தான் என்பது பக்கம் பக்கமாக வெளியே வந்தது. அந்த டிரெய்லர் போன ஒவ்வொரு ரோடும் அவன் சீவிய ரோடு. எந்த வருஷம் எந்த ரோடு எவ்வளவு மோசம் என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அத்தனையிலும் போய் முழுசாகத் திரும்பிய வண்டி இது. நான் சுத்தியலால் தட்டிப் பார்த்ததைவிட அது நல்ல பரிசோதனை. இப்படி இன்னொருவரைப் பற்றி நான் சொல்வது அபூர்வம்.

"இதையெல்லாம் ஏன் வீட்ல சொன்னதே இல்ல?" என்று ரேலீன் கேட்டாள்.

"சொன்னா என்ன புரியும்? காட்டணும்னு நினைச்சேன்."

அவள் கூடாரத்துக்குள் போனாள். மெத்தையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒட்டுப் போட்ட இடத்தை உள்ளிருந்து விரலால் தொட்டாள். வெளியே வந்தபோது லிண்டனிடம், "பதிமூணு வாரமும் எனக்கு முழுசா வேணும். ஒரு நாள்கூடக் காசா மாத்தக் கூடாது" என்றாள்.

"சரி."

"ஆட்காட்டி இருந்த இடத்தை முதல்ல காட்டணும்."

"சரி."

உள்ளே போன் மணி அடித்தது. ஏவிஸ் எழுந்திருக்கவில்லை. "அடிச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வலது கையை விரித்து நீட்டினாள். சுருக்கம் விழுந்த, கறுப்புப் பெயின்ட் நகத்தோரம் இன்னும் போகாத கை. ரேலீன் கைப்பையைத் திறந்து உறையை எடுத்தாள். நூறு டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்து எண்ணத் தொடங்கினாள். ஐம்பதில் ஒரு தடவை நிறுத்தி விரலை நனைத்துக்கொண்டாள். தானியும் கூடவே வாய்க்குள் எண்ணினாள். நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு. டயருக்கான இரண்டு நோட்டு உறையிலேயே இருக்க, நூற்றுப் பதினெட்டாவது நோட்டின் ஓரத்தில் ஒரு கணம் விரல் நின்றது. பிறகு அதையும் உருவி மேலே வைத்து, ஏவிஸின் விரல்களை அதன் மேல் தன் கையாலேயே மடக்கிவிட்டாள்.